கடல் கடந்து வந்த சமரசம்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் போகிறவர்கள் கூனிமேட்டைச் சில நிமிடங்களில் கடந்துவிடுவார்கள். ஒரு புறம் மீனவர் குப்பமும் கடலும், ஊருக்குள் பள்ளிவாசல், வடக்கே போகப் போக உப்பளங்கள். 1680களில் இந்த ஊரின் பெயர் லண்டன் வரை தெரிந்திருந்தது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே ஒரு பண்டகசாலை வைத்திருந்தது. ‘கோனிமீர்’ என்று தன் கடிதங்களில் எழுதியது. 1690இல் கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினக் கோட்டையை வாங்கியபின் கம்பெனிக்குக் கூனிமேடு தேவைப்படாமல் போயிற்று.

துணி வாங்க வந்தவர்கள் முன்பணம் கொடுத்தார்கள். முன்பணம் இருக்கும் இடத்தில் தகராறும் வரும். அதை யார் தீர்ப்பது, எந்தச் சட்டப்படி தீர்ப்பது என்ற கேள்வி அன்றைக்கே இந்தக் கரைக்கு வந்துவிட்டது. சென்னையில் கம்பெனி ‘சவுல்ட்ரி கோர்ட்’ என்ற சாவடி நீதிமன்றத்தை நடத்தியது. 1688இல் லண்டன் நகர முறையைப் பார்த்து அங்கே மேயர் நீதிமன்றம் தொடங்கியபோது, அதன் ஆல்டர்மேன்களாக ஆங்கிலேயர்களோடு போர்த்துகீசியர், யூதர், உள்ளூர் வணிகர் ஆகியோரையும் உட்காரவைக்க வேண்டியிருந்தது. கூனிமேட்டுக்குத் தெற்கே, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரியிலும் ஒரு சாவடி நீதிமன்றம் இருந்தது. தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவர்கள் பிரெஞ்சு அதிகாரிகள், வழக்காடியவர்கள் தமிழர்கள், பாகப்பிரிவினை, கடன், சாதி வழக்கம் பற்றிய சிக்கல்கள் உள்ளூர்ப் பெரியவர்களிடமே திருப்பி அனுப்பப்பட்டன. 1766 முதல் 1817 வரையிலான அதன் தீர்ப்புகளை ழான்-கிளோத் போனான் தொகுத்தார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அதை வெளியிட்டது.

வெளிநாட்டில் நன்றாக நடக்கும் நீதிமுறையைப் பார்த்துவந்து நம் ஊரில் நிறுவுவது இப்போது பெரிய துறையாகவே வளர்ந்துவிட்டது. நீதிபதிகள் குழுவாகப் பயணம் போகிறார்கள், பயிற்சி பெறுகிறார்கள், அறிக்கை எழுதுகிறார்கள். அப்படி வந்தவற்றில் சில நிலைத்தன, சில கைவிடப்பட்டன. ஏன் என்ற கேள்விக்கு விடை தேட இந்தக் கடற்கரையைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். ஏனென்றால் சீர்திருத்தவாதிகள் உலகெங்கும் தேடும் ‘மக்களே பேசித் தீர்க்கும் முறை’ இங்கே ஏற்கெனவே இருக்கிறது, அதன் நன்மையோடும் கொடுமையோடும்.

உள்ளூர்ப் பஞ்சாயத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவர முதலில் பெருமுயற்சி எடுத்தவர் தாமஸ் மன்றோ. சென்னை மாகாண நீதி நிர்வாகத்தைத் திருத்த 1814இல் ஆணையராக அவர் திரும்பி வந்தார். நம்மவர்களுக்கு நம்மவர்களே நீதி சொல்லவேண்டும் என்பதில் அவருக்கு உண்மையான நம்பிக்கை இருந்தது. 1816இல் வந்த ஒழுங்குவிதிகள் கிராம முன்சீப், மாவட்ட முன்சீப் பதவிகளை உண்டாக்கின. கிராமப் பஞ்சாயத்துக்கும் மாவட்டப் பஞ்சாயத்துக்கும் சட்ட அந்தஸ்து தந்தன. முன்சீப் நீதிமன்றங்களில் கூட்டம் குவிந்தது. பஞ்சாயத்துகளைத் தேடி மக்கள் வரவில்லை. அரசு எழுதிவைத்த விதிப்படி கூடும் பஞ்சாயத்துக்கு ஊர்ப் பஞ்சாயத்தின் பிடியும் இல்லை, முன்சீப்பின் ஆணைக்குள்ள பலமும் இல்லை. இரண்டு பக்கத்துப் பலவீனமும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு அது. மன்றோவின் நோக்கத்தில் குறையில்லை. ஆனால் ஓர் ஏற்பாட்டை அதன் சூழலிலிருந்து பெயர்த்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அவருடைய பஞ்சாயத்துகள்தான் தமிழகத்தின் முதல் பாடம்.

அதே முன்சீப் அமைப்பில் பின்னாளில் உட்கார்ந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்று அவரை எல்லாரும் அறிவார்கள். ஆங்கிலத்தில் கிடந்த சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துத் தந்தவரும் அவரே. வழக்காடுகிறவனுக்குப் புரியாத மொழியில் நீதி இருக்கக்கூடாது என்ற எண்ணம் எந்தப் பயண அறிக்கையிலிருந்தும் வந்ததல்ல. தினமும் கோர்ட்டில் உட்கார்ந்து ஜனங்களின் முகத்தைப் பார்த்ததிலிருந்து வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யோசனை அமெரிக்காவிலிருந்து வந்தது. 1976இல் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் நடந்த மாநாட்டில் ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ஃபிராங்க் சாண்டர் ஒரு கருத்தை முன்வைத்தார். எல்லா வழக்கும் ஒரே விசாரணைக் கூடத்துக்குப் போகவேண்டியதில்லை. நீதிமன்றத்துக்குப் பல வாசல்கள் இருக்கட்டும். ஒரு வழக்கு சமரசத்துக்கு, இன்னொன்று நடுவர் தீர்ப்புக்கு, வேறொன்று விசாரணைக்கு என்று வாசலிலேயே பிரித்து அனுப்பலாம் என்றார். கலிபோர்னியா நீதிமன்றங்கள் அதைப் பரவலாகச் செய்துகாட்டின. 1996இல், ஏ.எம். அஹ்மதி இந்தியத் தலைமை நீதிபதியாக இருந்தபோது, சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த சட்ட ஆய்வு நிறுவனம் ஒன்றுடன் இந்திய நீதித்துறையின் பரிமாற்றம் தொடங்கியது. இந்திய நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் அங்கே போய்ப் பார்த்தார்கள். 1999இல் திருத்தப்பட்டு 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு இந்தக் காலத்தின் விளைவு. வழக்கை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்க வாய்ப்பிருந்தால் நீதிபதி அதைச் சமரசம் போன்ற வழிகளுக்கு அனுப்பலாம் என்றது அது.

வழக்கறிஞர்கள் கொதித்தார்கள். திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் சேலம் வழக்கறிஞர் சங்கத்தின் பெயர்தான் வரலாற்றில் நின்றது. 2002 அக்டோபரில் வந்த முதல் தீர்ப்பு திருத்தங்கள் செல்லும் என்று சொல்லி, நடைமுறை விதிகளை உருவாக்க ஒரு குழு அமைத்தது. நீதிபதி எம். ஜெகந்நாத ராவ் அதன் தலைவர். 2005 ஆகஸ்டில் இரண்டாம் தீர்ப்பு அந்த விதிகளை ஏற்றது. இன்று இந்தியாவில் எந்த மூலையில் நீதிமன்றச் சமரசம் நடந்தாலும் அதன் அடித்தளத்தில் சேலத்து வக்கீல்கள் தொடுத்த வழக்கு இருக்கிறது.

இறக்குமதியில் அவசரமும் இருந்தது. 2010இல் ஆஃப்கான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு விசித்திரத்தை எடுத்துக்காட்டியது: 89ஆம் பிரிவை எழுதியவர்கள் ‘நீதிமுறைத் தீர்வு’க்கும் ‘சமரச’த்துக்கும் உரிய விளக்கங்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றி அச்சிட்டுவிட்டார்கள். எட்டு ஆண்டுகள் கீழமை நீதிமன்றங்கள் அந்தப் பிழையோடேயே மல்லுக்கட்டியிருக்கின்றன. பார்த்துவந்ததைச் சட்டமாக எழுதும் வேலைக்கு எவ்வளவு குறைந்த கவனம் கிடைத்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் தொடங்கியது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களில் இந்தியாவில் அதுவே முதல். மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு அதை உருவாக்கியதில் முன்னின்றவர். டெல்லி தன் மையத்தை நீதிபதிகளைச் சமரசராக வைத்துத் தொடங்கியது; சென்னை பயிற்சி பெற்ற வழக்கறிஞர்களை நம்பியது. சமரசத்தால் வருமானம் போய்விடும் என்று அஞ்சிய தரப்பையே சமரசத்தின் நடத்துநர்களாக ஆக்கிய முடிவு அது. அமெரிக்காவில் பார்த்ததை அப்படியே எடுக்காமல் சென்னையின் வழக்கறிஞர் உலகத்தைக் கணக்கில் கொண்ட அந்தத் தேர்வே மையம் நிலைத்ததற்குப் பெரிய காரணம். பிறகு மாவட்ட நீதிமன்றங்களிலும் ‘சமரச மையம்’ என்ற பெயர்ப்பலகைகள் வந்தன.

பயணம் போய்ப் பார்த்தவர்கள் எதைக் கவனிக்காமல் திரும்புகிறார்கள் என்பதற்கு வெளிநாட்டிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ரெட் ஹுக் என்றொரு துறைமுகப் பேட்டை. போதைப்பொருள் கும்பல்களின் துப்பாக்கிச் சண்டையில் 1992இல் அங்கே ஒரு பள்ளித் தலைமையாசிரியர் குண்டடிபட்டு இறந்தார். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு பல ஆண்டு ஊர்க் கூட்டங்களில் பேசிப் பேசி, 2000இல் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் சமூக நீதி மையம் திறந்தார்கள். குற்ற வழக்கு, குடும்ப வழக்கு, வீட்டு வாடகை வழக்கு மூன்றையும் ஒரே நீதிபதி பார்ப்பார். அதே கட்டடத்தில் போதை மீட்பு, வேலைப் பயிற்சி எல்லாம் இருக்கும். 2013இல் வந்த ஆய்வு, அங்கே வழக்கு முடிந்த பெரியவர்கள் மீண்டும் குற்றம் செய்வது வழக்கமான நீதிமன்றத்தைவிட 10 சதவீதமும், சிறார்கள் 20 சதவீதமும் குறைந்ததாகச் சொன்னது.

அதைப் பார்த்து மகிழ்ந்த பிரிட்டன் வடக்கு லிவர்பூலில் அதே மாதிரி ஒன்றைத் தொடங்கியது. அங்கும் ஒரே நீதிபதி, ஒரே கூரையின்கீழ் எல்லாச் சேவைகளும். 2014இல் அதை மூடிவிட்டார்கள். வழக்குகள் குறைவு, செலவு அதிகம், மறுகுற்றம் குறைந்ததாக ஆதாரம் இல்லை என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். மெல்பர்ன் நகரின் காலிங்வுட்டில் 2007இல் தொடங்கிய அதே வகை மையமோ தொடர்ந்து நடந்தது. கட்டடத்தையும் நீதிபதியையும் நகலெடுக்கலாம். திறப்பதற்கு முன் ரெட் ஹுக் மக்கள் கூடிக் கூடிப் பேசிய வருடங்களை எந்தப் பயணக் குழுவும் பெட்டியில் வைத்துக் கொண்டுவர முடியாது.

இப்போது கூனிமேட்டுக் கரைக்கே வரலாம். சோழமண்டலக் கடற்கரையின் மீனவர் ஊர்களில் பஞ்சாயத்து என்பது ஊராட்சி மன்றம் அல்ல. ஊரின் ஆண்கள் கூடி, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசித் தீர்ப்பது அது. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஆய்வாளர் மார்ட்டன் பாவிங்க் தமிழகக் கடற்கரையில் பல காலம் தங்கி இந்த அமைப்பை ஆராய்ந்து, 2001இல் நூலாக வெளியிட்டார். நம் நீதிபதிகள் கலிபோர்னியாவில் சமரசம் படித்துக்கொண்டிருந்த அதே காலத்தில் ஒரு டச்சுக்காரர் இங்கே வந்து, எந்த வலை கடலுக்கு ஆகாது, எதை ஊர் தடுக்கலாம் என்று குப்பங்கள் தாமாகவே முடிவெடுக்கும் விதத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்.

ஒருவர் விட்ட வலைமேல் இன்னொருவரின் ஃபைபர் போட் ஏறி அறுத்துவிட்டால் என்ன ஆகும்? கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் பீஸ், சாட்சி, வாய்தா; தொழிலுக்குப் போகாமல் இழக்கும் ஒவ்வொரு நாளும் வலையின் விலையோடு சேரும். ஊரில் அன்று மாலையே கூட்டம் போட்டுத் தெண்டம் விதித்துவிடுவார்கள். கடலில் நடந்ததை அறிந்தவர்களே கேட்பார்கள். தீர்ப்பை ஏற்காமல் அடுத்த நாள் அதே கரையிலிருந்து போட் தள்ள முடியாது. ரெட் ஹுக்கில் கோடிகளைக் கொட்டிக் கட்டிய வேகமும் நெருக்கமும் இங்கே செலவில்லாமல் கிடைக்கின்றன.

ஆனால் அந்தக் கூட்டத்தில் யார் இல்லை என்பதைப் பார்க்கவேண்டும். ஊர்க் கணக்கு தலைக்கட்டு வரியில் நிற்கிறது. வரி கட்டுபவர் ஆண். மீன் கூடை சுமந்து ஊர் ஊராக விற்கும் பெண் எவ்வளவு சம்பாதித்தாலும் கூட்டத்தில் உட்கார இடமில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பல ஊர்களில் நிவாரணப் பொருள்கள் பஞ்சாயத்து வழியாகவே பிரிக்கப்பட்டன. வரி கட்டாத கைம்பெண்களின் குடும்பங்களும் தலித், இருளர் குடும்பங்களும் விடுபட்டதை அப்போது பல குழுக்கள் பதிவு செய்தன. மரக்காணத்து உப்பளங்களில் முன்பணம் வாங்கி வேலை செய்யும் தொழிலாளிக்குக் கூலித் தகராறு வந்தால் எந்தக் குப்பத்துக் கூட்டமும் அவருக்கானதல்ல. ஊர் முடிவை மீறுகிறவரை ஒதுக்கிவைக்கும் வழக்கமும் இந்தக் கரையில் உண்டு. பேச்சுவார்த்தை இல்லை, நல்லது கெட்டதுக்கு அழைப்பில்லை, வாங்கினால் கொடுத்தால் அபராதம். அந்த நிலையில் ஒருவர் ‘சம்மதம்’ என்று சொல்வது சம்மதம் ஆகாது.

ஊர்களுக்கு இடையே மூண்ட சண்டையில் பஞ்சாயத்துக்கு எல்லையும் தெரிந்துவிடுகிறது. சுருக்குமடி வலையைத் தமிழக அரசு 2000இல் தடைசெய்தது. புதுச்சேரியிலும் கடலூரிலும் ஊருக்கு ஊர் பிளவு. 2021 ஆகஸ்டில் நல்லவாடு, வீராம்பட்டினம் மீனவர்கள் கடலிலேயே மோதிக்கொண்டார்கள். கடைசியில் வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2023 ஜனவரியில் இடைக்கால ஆணை வந்தது: கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை. கடலோடிகள் மணிக்கணக்கை டெல்லியில் வாங்கவேண்டி வந்தது.

சென்னையில் சமரச மையம் தொடங்கியபோது உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர் மார்க்கண்டேய கட்ஜு. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்ற அமர்வில் அவரும் ஞான் சுதா மிஸ்ராவும் ஆறுமுகம் சேர்வை வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள். கட்டப் பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம், அதன் கொடுமைகளைத் தெரிந்தும் தடுக்காத மாவட்ட ஆட்சியரையும் காவல் கண்காணிப்பாளரையும் பணியிடை நீக்கம் செய்யவேண்டும் என்றது அது. நீதிமன்ற வளாகத்துச் சமரசத்துக்கு ஆதரவு, ஊர்த் திண்ணைக் கட்டப் பஞ்சாயத்துக்குத் தடை. இரண்டும் பேசித் தீர்க்கும் முறைகள்தாமே என்று கேட்கலாம். வேறுபாடு ஒன்றே ஒன்று: சமரச மையத்தில் ‘எனக்கு இது வேண்டாம்’ என்று எழுந்துவந்து வழக்கைத் தொடரலாம்; அதனால் யாரும் தண்ணீர்க் குழாயடியில் முகம் திருப்பமாட்டார்கள். வெளிநாட்டு முறையைப் படிக்கப் போகிறவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அங்கே எத்தனை வழக்கு முடிகிறது என்பதல்ல. மறுத்தவருக்கு என்ன ஆகிறது என்பது.

இந்தக் கேள்வி மக்கள் நீதிமன்றத்தையும் விடாது. அமெரிக்க ஆய்வாளர் மார்க் கலன்டரும் ஜெயந்த் கிருஷ்ணனும் 2004இல் எழுதிய ஆய்வு, விபத்தில் கால் இழந்தவர் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொள்வது அது நியாயம் என்பதால் அல்ல, வழக்கு முடியப் பல வருடம் ஆகும் என்ற பயத்தால் என்று காட்டியது. நீதிமன்றத்தின் தாமதமே அங்கே மறுக்க விடாத கட்டாயம் ஆகிறது.

உள்ளிருந்தே அந்தக் கேள்வியைக் கேட்டவரும் தமிழகத்தில் உண்டு. ஜமாத்தில் பெண்ணின் தலாக், மஹர் வழக்கை ஆண்கள் மட்டும் பேசி முடிப்பதைப் பார்த்த புதுக்கோட்டை ஷரீஃபா கானம், பெண்களுக்கெனத் தனி ஜமாத்தைக் கட்டினார். புகார் கொண்டுவரும் பெண் தானே பேசலாம், தானே மறுக்கலாம். எந்த நாட்டிலிருந்தும் கொண்டுவந்த முறை அல்ல அது. கூனிமேடு போல இஸ்லாமியக் குடும்பங்கள் பரவலாக வாழும் கடற்கரை ஊர்களுக்கு சான் ஃபிரான்சிஸ்கோவைவிடப் புதுக்கோட்டை பயனுள்ள பயணம்.

இன்னும் பயனுள்ள பயணம் பாக்கு நீரிணைக்கு அப்பால். இலங்கை 1958இல் இணக்க சபைகள் அமைத்தது. உறுப்பினர் நியமனத்தில் கட்சி அரசியல் புகுந்து அவை மதிப்பிழந்து கலைந்தன. தோல்வியைப் படித்துவிட்டு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் மத்தியஸ்த சபைகளை நிறுவினார்கள். இம்முறை நியமனத்தை அரசியல்வாதிகளிடம் விடவில்லை. முன்னாள் நீதிபதிகள் இடம்பெறும் ஆணைக்குழுவிடம் கொடுத்தார்கள். ஊரில் மதிப்புள்ள சாதாரண மக்களே தன்னார்வ மத்தியஸ்தர்கள். பள்ளிக்கூடங்களில், விடுமுறை நாள்களில் கூடுகிறார்கள். வக்கீல் வரக்கூடாது. குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட வழக்கு முதலில் இங்கே வந்தாக வேண்டும். ஆரம்பத்தில் அந்த எல்லை 25,000 ரூபாய், பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டது. தீராவிட்டால் சபை ஒரு சான்றிதழ் தரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம்.

இந்தச் சான்றிதழ்தான் சட்டத்தின் உயிர். மறுத்தவருக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது, அதற்குக் காகிதச் சாட்சியும் இருக்கிறது. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் சபைகள் தமிழிலேயே நடக்கின்றன; யாழ்ப்பாணத்திலும் அவை வேலை செய்கின்றன. குறை இல்லாமல் இல்லை: அடிபட்ட மனைவியை ‘சேர்ந்து வாழ்’ என்று அனுப்பிவைத்ததாக அங்குள்ள பெண்கள் அமைப்புகள் கண்டித்திருக்கின்றன. அதையும் சேர்த்தே படிக்கவேண்டும். ராமேசுவரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், நம் மொழியிலேயே, முப்பது ஆண்டுக்கு மேலாக நடக்கும் இந்தப் பரிசோதனைக்கு நம் சட்ட உலகம் கொடுத்த கவனம் மிகக் குறைவு என்பது வருத்தத்துக்குரியது.

2023 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியஸ்தச் சட்டத்தில் ‘சமூக மத்தியஸ்தம்’ என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஓர் ஊரின் அமைதியைப் பாதிக்கும் தகராறுக்கு, சட்டப் பணிகள் ஆணைக்குழு அல்லது மாவட்ட நிர்வாகம் மூன்று மத்தியஸ்தர்களை நியமிக்கலாம். பெண்களின் பிரதிநிதித்துவத்தைக் கவனிக்கச் சொல்கிறது. எட்டிய உடன்பாடு நீதிமன்ற ஆணை போல அமலாக்க முடியாதது. 2023 அக்டோபர் 9 அன்று சட்டத்தின் சில பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது இந்த அத்தியாயம் அவற்றில் சேர்க்கப்படவில்லை.

மரக்காணம் கடற்கரைக்கு இது பொருந்தவேண்டுமானால் விதி எழுதும்போதே சிலவற்றைச் சேர்க்கவேண்டும். மூவரில் ஒருவர் கட்டாயம் பெண், அதுவும் அந்தக் கரையில் தொழில் செய்யும் பெண். உப்பளத் தகராறு என்றால் ஒருவர் தொழிலாளர் பக்கத்திலிருந்து வரவேண்டும். மத்தியஸ்தருக்கு ஒரு நாள் கூலிக்குக் குறையாத படி தரவேண்டும். கூட்டம் கடலுக்குப் போகாத நேரத்தில், ஊர்ப் பள்ளியில் நடக்கவேண்டும். இலங்கையைப் போல, தீராவிட்டால் அன்றே ஒரு சான்றிதழ். அதைக் கொண்டுபோகிறவருக்கு வட்ட சட்டப் பணிகள் குழு வக்கீல் வைத்துத் தரவேண்டும். மத்தியஸ்தத்தை மறுத்ததற்காக ஊர் ஒருவரை ஒதுக்கினால் அது தனிக் குற்றம் என்று விதியில் எழுதப்படவேண்டும். ஆறுமுகம் சேர்வை தீர்ப்பு ஆட்சியர் மீது வைத்த பொறுப்பை இந்த விதியோடு கோப்பதற்கு வேறு எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை.